இல்லத்தின் தரத்தை எவ்வாறு அளப்பது?
அறிவுசார் குறைபாடுடைய வயதுவந்தோரின் வாழிடங்களைப்பற்றி ஒரு சிந்தனை

முன்னுரை

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலைமேல் மோதும்போது தென்காசி வட்டாரமெங்கும் சாரல் பொழிகிறது; குற்றால அருவிகளில் நீர் பெருகுகிறது. அக்காலத்தில் அருவிக்கரைக்கு வருவோர் அனைவரும் இன்பப் பயணிகளல்லர். தலையில் எண்ணெய் தேய்த்து, கையை இறுகப் பற்றி, ஏறத்தாழ இழுத்துக்கொண்டே தம் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரும் அவர்களிடையே உண்டு. அருவிநீர் உச்சந்தலையில் விழுந்தால் பித்தம் தெளியும், சித்தம் நேர்படும் என்பது நம் மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கையாகும்.

சில ஆண்டுகளுக்குமுன் நான் ஊழியம் செய்த சேகரத்தின் வாலிபர் சங்கத்தார், இல்லம் ஒன்றில் வாழ்ந்த ஏறத்தாழ இருபது பேரைக் குற்றாலத்திற்கு அழைத்துச்சென்றனர். வேன் வாடகையையும் உணவுச் செலவையும் சபை ஏற்றுக்கொண்டது. ஐந்தருவியில் பலர் மகிழ்ந்து நீராடினர். நாற்பது வயதை எட்டியிருந்த ஒருவர்மட்டும் அருவியின் இரைச்சலைக் கேட்டவுடனே காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டார். "எல்லாரும் குளிக்கிறார்கள், நீயும் வா" என்று உதவியாளர் இருவர் அவரைத் தூக்கிச்சென்று நீரின்கீழ் நிறுத்தினர். அவர் அலறினார், அவ்வலறலை அருவியின் ஓசை விழுங்கிற்று. அந்நேரத்தில் எடுக்கப்பட்ட படம் எங்கள் சபையின் ஆண்டறிக்கையில் வெளிவந்தது. "மகிழ்ச்சியில் திளைக்கும் நம் சகோதரர்" என்று அதன்கீழ் எழுதியவன் நானே.

அப்படத்தைக் கண்ட அவருடைய தமக்கையார் என்னிடம் வந்து, "ஐயா, அவன் சின்னப் பிள்ளையிலிருந்தே மழைச் சத்தத்துக்கே பயப்படுவான். வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவனுக்குப் பிடிக்கும். உங்களிடம் யாரும் சொல்லவில்லையா?" என்றார்கள். யாரும் சொல்லவில்லை என்பது உண்மை. நாங்கள் யாரையும் கேட்கவில்லை என்பது அதனினும் பெரிய உண்மை.

அவ்வில்லம் கொடிய இடமன்று. தூய்மையான கட்டடம், நேரந்தவறாத உணவு, காலை மாலை வழிபாடு ஆகியவை அங்கிருந்தன. இவற்றைக் கண்டு, அது நல்ல இல்லம் என்று பல பெற்றோருக்கு நான் பரிந்துரைத்ததும் உண்டு. எனினும் நான் கண்டவை பார்வையாளனுக்குப் புலப்படும் அடையாளங்களே. அங்கு வாழ்பவருக்கு அவ்விடம் எத்தகையது என்பதை நான் அறிந்தேனில்லை. ஓர் இல்லத்தின் தரத்தை நிறுவனரின் இரக்கத்தாலோ, கட்டடத்தின் பொலிவாலோ, கொடையாளரின் பெருக்கத்தாலோ அளக்க இயலாது; அங்கு வாழும் ஒருவருடைய சாதாரணமான ஒரு நாளைக்கொண்டே அளக்க இயலும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. யாரைப்பற்றிப் பேசுகிறோம்?

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு, மதியிறுக்கம் வேறு. மனநோய் என்பது எவருக்கும் வாழ்வின் ஒரு கட்டத்தில் வரக்கூடியது, மருத்துவத்தால் தணியக்கூடியது. அறிவுசார் குறைபாடு நோயன்று. கற்றல், சிந்தித்தல், அன்றாட வாழ்க்கைத் திறன் ஆகியவற்றில் பிறப்பிலோ இளமையிலோ தோன்றி வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் வரையறை அது. முன்பு 'மனவளர்ச்சி குன்றியோர்' என்று நாம் வழங்கியது இவர்களையே. ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உடையோர் பிறரோடு உறவாடும் முறையிலும், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை உணரும் முறையிலும் வேறுபட்டவர்கள். நமக்கு இனிமையாயிருக்கும் ஓசை அவர்களுள் சிலருக்குத் தாங்கொணா வேதனை. ஐந்தருவியில் நான் கண்டது அதுவே. இந்நிலைகள் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. எனினும் ஒன்றை மற்றொன்றாகக் கருதி மருந்து கொடுப்பதும் அடைத்துவைப்பதும் பெரும் அநீதிக்கு வழிவகுக்கும்.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறிவுசார் குறைபாடுடையோர் இந்தியாவில் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் எனப் பதிவாயிற்று. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் தம் வீடுகளிலேயே, பெற்றோரின், குறிப்பாகத் தாய்மாரின், பராமரிப்பில் வாழ்கின்றனர். தமிழ்நாடு அரசு கடுமையான அறிவுசார் குறைபாடுடையோருக்கு வழங்கும் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது சிறு துணையே. தாய் எழுபதைக் கடக்கும்போது மகன் நாற்பத்தைந்தில் நிற்கிறான். "எங்களுக்குப்பின் இவனுக்கு யார்?" என்னும் வினா அப்போது எழுகிறது. நம் சபைகளில் இவ்வினாவைச் சுமந்துகொண்டு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர் இல்லாத சபை அரிது.

நம் முன்னோர் இத்துறையில் வெறுங்கையராய் இருந்தவர்களல்லர். பாளையங்கோட்டையில் 1890இல் பார்வையற்றோருக்கும் 1897இல் செவித்திறனற்றோருக்கும் அருட்பணி இயக்கத்தின்வழியாகப் பள்ளிகள் தோன்றின. ஆயின் அவை குழந்தைகளுக்கான பள்ளிகள். படித்து, தொழில் கற்று, வெளியேறிச் செல்வோருக்கென அமைந்தவை. வெளியேற இயலாதவர்களைப்பற்றி, வளர்ந்து முதுமையடையும் பிள்ளைகளைப்பற்றி, நாம் போதிய அளவு சிந்தித்தோமில்லை. குழந்தையின் முகம் இரக்கத்தை எழுப்புகிறது. நரைத்த தலையுடைய 'பிள்ளை' அவ்வாறு எழுப்புவதில்லை.

2. மூடிய கதவுகள் கற்பிக்கும் பாடம்

இல்லங்கள் எவ்வாறு கெடுகின்றன என்பதை அறிய நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலையில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக்கொட்டகையில் தீப்பற்றியது. அங்கிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவரல்லர், உற்றாரே. குணமாகவேண்டும் என்னும் ஏக்கமும், வீட்டில் வைத்துப் பார்க்க இயலாத களைப்பும் அவர்களை அங்கு கொண்டுவந்தன. குற்றால அருவியின்கீழ் மகனை நிறுத்தும் தந்தையின் ஏக்கமும் அதுவேயாகும்.

ஏர்வாடிக்குப்பின் அத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஆயினும் 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்தில், முறையான பதிவின்றி இயங்கிய ஆசிரமம் ஒன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். அடித்துத் துன்புறுத்தியதாகவும் பெண்களுக்குப் பாலியல் கொடுமை இழைத்ததாகவும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அது வெளிவந்த வழியை நாம் கவனிக்கவேண்டும். அங்கே சேர்க்கப்பட்டிருந்த முதியவர் ஒருவரைப் பார்க்கச் சென்றவர்கள் அவர் அங்கில்லை என்பதைக் கண்டு உயர்நீதிமன்றத்தை நாடினர். கதவைத் திறந்தது, "அவர் எங்கே?" என்று பெயர் சொல்லிக் கேட்ட ஓர் உறவு.

வறுமையே இத்தகைய கேட்டிற்குக் காரணம் என்று கருதுவோர் இங்கிலாந்தில் நிகழ்ந்ததை அறியவேண்டும். பிரிஸ்டல் நகரருகே இருந்த விண்டர்போர்ன் வியூ என்னும் தனியார் மருத்துவமனையில், கற்றல் குறைபாடும் மதியிறுக்கமும் உடையோர் தங்கவைக்கப்பட்டிருந்தனர். ஒருவருக்கு வாரத்திற்குச் சராசரி 3,500 பவுண்டு அரசுப் பணம் செலுத்தப்பட்டது. 2011இல் பி.பி.சி. நிறுவனம் மறைவாக எடுத்த படங்களில், பணியாளர்கள் அவர்களை அடிப்பதையும் இழிவுபடுத்துவதையும் நாடே கண்டது. பதினொருவர் தண்டனை பெற்றனர்; அவர்களுள் அறுவர் 2012இல் சிறை சென்றனர். அங்குப் பணியாற்றிய செவிலியர் ஒருவர் முன்னரே எழுதிய முறையீட்டை அதிகாரிகள் பொருட்படுத்தவில்லை. ஆக, பணமிருந்தால் தரம் தானாக வந்துவிடாது.

பக்தியிருந்தால் வந்துவிடுமா? இவ்வினா நம்மைப் போன்றோரை நேரே தொடுவது. பிரான்சு நாட்டில் 1964இல் ழான் வானியே தொடங்கிய 'லார்ச்' இயக்கம், அறிவுசார் குறைபாடுடையோரும் அவர்தம் துணைவரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில் வாழும் முறையை உலகிற்குக் காட்டியது. இந்தியாவில் அவ்வியக்கம் ஆஷா நிகேதன் என்னும் பெயரில் பெங்களூரிலும் சென்னையிலும் வேரூன்றியது. பல இறையியல் வகுப்புகளில் வானியேயின் நூல்களை நாம் கற்பித்தோம். அவர் 2019இல் மறைந்தார். 2020 பிப்ரவரியில் அவ்வியக்கமே வெளியிட்ட விசாரணை அறிக்கை, அவர் ஆன்மீக ஆலோசனையின் பெயரால் பெண்கள் அறுவரைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று உறுதிசெய்தது. 2023இல் வெளிவந்த விரிவான அறிக்கை அத்தொகை குறைந்தது 25 எனக் கூறியது. அவர்கள் குறைபாடுடையோர் அல்லர். ஆயினும் பாடம் ஒன்றே: நிறுவனரின் புனிதத் தோற்றம் எந்த இல்லத்திற்கும் காவலாகாது. அதே வேளையில் தன் நிறுவனரைப்பற்றிய உண்மையைத் தானே வெளியிட்ட அவ்வியக்கத்தின் துணிவும் நாம் கற்கவேண்டியதே. "ஊழியத்தின் பெயர் கெட்டுவிடும்" என்று மூடிவைப்பது ஊழியத்தைக் காப்பதாகாது.

3. ஆய்க்குடியில் ஒரு வேறு வழி

நம் வட்டாரத்திலேயே வேறொரு வழியைக் காண்கிறோம். தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981இல், அதாவது உலக ஊனமுற்றோர் ஆண்டில், தோன்றியது. அதைத் தொடங்கிய எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராயிருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் விபத்துக்குள்ளாகிக் கழுத்திற்குக்கீழ் செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாகல் அவர்களின் நினைவாகச் சங்கத்திற்குப் பெயரிட்டார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தசைச்சிதைவு நோயுடைய பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் அவரோடு தோள்கொடுத்துச் சங்கத்தை நடத்தியவர்.

இங்கு நாம் கருதவேண்டியவை இரண்டு. முதலாவது, பிறர் தூக்கிவைத்தாலன்றிப் படுக்கையிலிருந்து எழ இயலாத ஒருவரே இதைத் தொடங்கினார். தூக்கும் கை எவ்வாறு தூக்கவேண்டும் என்பது தூக்கப்படுபவருக்கே நன்கு தெரியும். நம் இல்லங்களின் ஆட்சிக்குழுக்களில் அத்தகையோர் எத்தனை பேர்? இரண்டாவது, சங்கம் தன் வளாகத்திற்குள் மட்டும் பணியை அடக்கிக்கொள்ளவில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பணியாளரை அனுப்பி, குழந்தைகளின் குறைபாட்டை இளமையிலேயே கண்டறிந்து, பயிற்சியளித்து, பெற்றோருக்கும் கற்றுக்கொடுக்கும் முறையை வளர்த்தது. வீட்டிற்குத் துணை கிடைக்குமானால் இல்லத்தை நாடவேண்டிய கட்டாயம் குறைகிறது. எனவே, ஓர் இல்லத்தைக் கட்டுமுன் நாம் கேட்கவேண்டிய முதல் வினா, "இவர் தம் வீட்டிலேயே வாழ நாம் என்ன செய்தோம்?" என்பதாகும்.

வீடு இல்லாதவருக்கும் பெரிய விடுதிதான் ஒரே வழி என்பதில்லை. 1993இல் சென்னையில் தோன்றிய பான்யன் நிறுவனம், மனநோயால் வீடிழந்த பெண்களுக்காக உழைப்பது. நெடுங்காலம் காப்பகத்தில் இருந்தவர்களை நால்வர் ஐவராகச் சேர்த்து, ஊருக்குள் சாதாரண வாடகைவீடுகளில் துணையாளரோடு குடியமர்த்தும் திட்டத்தை அது 2015இல் தொடங்கியது. அண்டைவீட்டாரும் கடைத்தெருவும் உள்ள இடத்தில் அவர்கள் சமைத்து உண்டு வாழ்கின்றனர். அறிவுசார் குறைபாடுடையோருக்கும் இவ்வழி பொருந்தும்.

4. சட்டம் கூறுவது

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. இந்தியா 2007இல் அதை உறுதிசெய்தது. அதன் 19ஆம் பிரிவு, எங்கு, யாரோடு வாழ்வது என்பதைத் தெரிவுசெய்யும் உரிமையை மற்றவருக்குச் சமமாக இவர்களுக்கும் வழங்குகிறது. நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, சமுதாயத்தோடு வாழும் உரிமையை ஏற்றுக்கொள்கிறது. பதிவுச்சான்று இன்றி எவரும் இல்லம் நடத்தலாகாது என்றும் அது விதிக்கிறது. கொடுமை நிகழ்வதாக அறிந்த எவரும் நிருவாக நடுவரிடம் முறையிடலாம்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் மதியிறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கென ஏற்பட்டது. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவின்வழியாக, வயதுவந்த ஒருவருக்குச் சட்டப் பாதுகாவலரை நியமிக்க அது வகைசெய்கிறது. பாதுகாவலர் ஆறு மாதங்களுக்குள் அவருடைய சொத்துப்பட்டியலையும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கையும் ஒப்படைக்கவேண்டும். "வீட்டை எழுதிவையுங்கள், கடைசிவரை பார்த்துக்கொள்கிறோம்" என்று கேட்கும் இல்லங்களிடம் கையெழுத்திடுமுன் பெற்றோர் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோயுற்றோரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தலை அறவே தடைசெய்கிறது.

ஆயின் சட்டம் அளப்பது குறைந்த எல்லையையே. சான்றிதழ் சுவரில் தொங்கும். அதன்கீழ் ஒருவர் ஆண்டுக்கணக்காகப் பேச்சுத்துணையின்றி அமர்ந்திருக்கவும் கூடும்.

5. ஒரு நாளைக்கொண்டு அளத்தல்

சுவீடன் நாட்டவரான பெங்ட் நீர்யே 1969இல் எடுத்துரைத்த கருத்து இத்துறையில் பெரும் திருப்பத்தை உண்டாக்கிற்று. மற்றவர்களுக்கு உள்ள நாளின் ஒழுங்கும், வாரத்தின் ஒழுங்கும், ஆண்டின் ஒழுங்கும் இவர்களுக்கும் உரியவை என்பதே அதன் சாரம். இதனை அடியொற்றி, ஓர் இல்லத்தைக் காணச் செல்லும் போதகரும் பெற்றோரும் கேட்கவேண்டிய வினாக்களைக் கீழே தருகிறேன்.

(அ) அவர் எப்போது எழுகிறார், எப்போது உறங்குகிறார்? மாலை ஐந்தரைக்கே இரவுணவு கொடுத்து விளக்கணைக்கும் வழக்கம் பணியாளரின் வசதிக்கு ஏற்பட்டதேயன்றி, வாழ்வோருக்கு ஏற்பட்டதன்று.

(ஆ) அவர் அணிந்திருக்கும் சட்டை அவருடையதா? துவைத்துக் குவித்த துணியிலிருந்து கைக்கு வந்ததை அணிவிக்கும் இடத்தில் மனிதனின் தனித்தன்மை அழிகிறது. சாவியுடன் ஒரு சிறு பெட்டியேனும் அவருக்கு இருக்கிறதா?

(இ) அவரை எவ்வாறு அழைக்கின்றனர்? ஐம்பது வயதானவரை 'குழந்தை' என்பதும், 'அந்த வலிப்புக்காரன்' என்பதும் ஒரே தவற்றின் இரு முகங்கள்.

(ஈ) அவருடைய விருப்பும் வெறுப்பும் எங்கேனும் எழுதப்பட்டுள்ளனவா? பேச இயலாதவரும் தெரிவிக்கின்றனர். தலையை மோதுதல், உணவைத் தள்ளுதல், கடித்தல் ஆகியவை பலவேளைகளில் பல்வலியின், மலச்சிக்கலின், அச்சத்தின் மொழி. அம்மொழியைக் கற்காமல், தூக்கமருந்தால் அடக்குவது பராமரிப்பாகாது.

(உ) உடல்நலத்தை யார் கவனிக்கிறார்? அறிவுசார் குறைபாடுடையோரிடையே வலிப்புநோய் மற்றவரைவிட மிகுதி. டவுன் நோய்க்குறி உடையோருக்குத் தைராய்டுக் குறைபாடும், ஐம்பதை ஒட்டிய வயதிலேயே மறதிநோயும் வரும் வாய்ப்பு அதிகம். விழுங்கும் ஆற்றல் குறைந்தவருக்குக் குழைத்த உணவு தராவிடில் உயிருக்கே இடர் நேரும். ஒவ்வொருவருக்கும் தனி மருத்துவக் குறிப்பேடு உண்டா? மருந்தை அண்மையில் மருத்துவர் மறுபரிசீலனை செய்தாரா?

(ஊ) அவருக்கு வேலையும் நட்பும் உண்டா? காய்கறி நறுக்குதல், தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுதல், கடைக்குச் சென்றுவருதல் ஆகியவற்றில் எதனையேனும் அவர் செய்கிறாரா? அன்றி, தொலைக்காட்சிப் பெட்டியின்முன் நாளைக் கழிக்கிறாரா?

(எ) இரவில் எத்தனை பேர் விழித்திருக்கின்றனர்? அவர்களுக்கு என்ன கூலி? நாற்பது பேருக்கு ஒரு காவலாளி என்றிருக்கும் இல்லத்தில் அன்பு மிகுந்தவரும் விரைவில் கடுமையாகிவிடுவர். பணியாளரின் களைப்பு வாழ்வோரின் உடலில்தான் இறங்குகிறது. எனவே உதவியாளரின் ஊதியமும் ஓய்வும் பயிற்சியும் இல்லத்தின் தரத்தைச் சார்ந்தவையே.

(ஏ) முன்னறிவிப்பின்றிச் செல்லலாமா? அவருடன் தனித்துப் பேசலாமா? இறுதியாக, அவர் இறந்தால் யாருக்குத் தெரிவிப்பர், எங்கே அடக்கம் செய்வர், எந்த ஏட்டில் எழுதுவர்?

இவ்வினாக்களை வெறுப்போடு எதிர்கொள்ளும் இல்லத்தைக்குறித்து நாம் ஐயுறலாம். நல்ல இல்லம் இவற்றை வரவேற்கும். ஏனெனில் நன்றாக நடத்துவோருக்குத் தம் குறைகள் தெரியும்.

6. மேவிபோசேத்தும் சீபாவும்

இவ்விடத்தில் மறைநூல் பகுதி ஒன்றை நினைவுகூருதல் பொருந்தும். யோனத்தானின் மகன் மேவிபோசேத் (2 சாமுவேல் 9) கால்கள் முடமானவன். அறிவுசார் குறைபாடுடையவன் அல்லன். எனினும் பிறர் பராமரிப்பில் வாழ்பவனுக்கு நேரும் இடர் அவன் வரலாற்றில் தெளிவாய்த் தோன்றுகிறது. தாவீது அவனைத் தன் மேசைக்கு அழைத்ததைப்பற்றி நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறோம்.

சவுலின் வீட்டாருள் எவரேனும் மீந்திருக்கிறாரா என்று அரசன் கேட்டபோது, வேலைக்காரனாகிய சீபா அவனுடைய பெயரைச் சொல்லவில்லை. யோனத்தானுக்கு இரு கால்களும் முடமான மகன் ஒருவன் உண்டு என்று குறைபாட்டைச் சொல்லுகிறான். பெயர்சொல்லி அழைப்பவன் தாவீது. இது முதற்செய்தி. அரசன் நிலத்தைத் திரும்பக் கொடுத்து, அதனைப் பயிரிடும் பொறுப்பைச் சீபாவினிடம் ஒப்படைக்கிறான். பதினாறாம் அதிகாரத்தில் அரசன் தப்பியோடும்போது சீபா உணவோடு எதிர்வந்து, தன் எசமான் துரோகியாகிவிட்டான் என்கிறான். தாவீது விசாரிக்காமலே நிலமுழுவதையும் சீபாவுக்குக் கொடுத்துவிடுகிறான். பத்தொன்பதாம் அதிகாரத்தில் மேவிபோசேத் வந்து நிற்கிறான். அவன் கால்களைப் பேணவில்லை, தாடியைத் திருத்தவில்லை, உடையை வெளுக்கவில்லை. கழுதைமேல் ஏறிவர நினைத்தும், முடவனாகையால் வேலைக்காரன் வஞ்சித்துவிட்டான் என்கிறான். அப்போதும் அவனுக்குக் கிடைப்பது பாதித் தீர்ப்பே.

நல்லெண்ணமுள்ள கொடையாளன் தாவீது. செயல்திறமுள்ள நிருவாகி சீபா. உணவு தவறாத மேசையும் இருந்தது. ஆயினும் வாழ்பவனின் குரல் பராமரிப்பவனின் வாய்வழியாக மட்டுமே அரசனை எட்டியது. அக்குரலை நேரே கேட்க அரசன் வழி அமைக்கவில்லை. தீங்கு அங்கே நுழைந்தது. நம் திருச்சபை பெரும்பாலும் தாவீதின் இடத்தில் நிற்கிறது. சீபாவின் அறிக்கையைப் படித்துக் காணிக்கை அனுப்புகிறோம். மேவிபோசேத்தின் கால்களை நாம் பார்த்ததில்லை.

7. சபை செய்யக்கூடியவை

பிறந்தநாளுக்கும் திருமணநாளுக்கும் இல்லங்களில் உணவு வழங்கும் வழக்கம் நம்மிடையே பெருகியுள்ளது. அது தவறன்று. ஆனால் ஆண்டு முழுவதும் நாள்தோறும் புதிய முகங்கள் வந்து, உணவிட்டு, படம் எடுத்துச் செல்வது நட்பாகாது. ஒரே குடும்பம் ஒரே மனிதரை மாதந்தோறும் பெயர்சொல்லிப் பார்க்கச் செல்லுமானால் அவருக்கு ஓர் உறவு உண்டாகிறது. இல்லத்திற்கும் ஒரு வெளிக்கண் உண்டாகிறது. விழுப்புரத்தில் கதவைத் திறந்தது அத்தகைய கண்ணே.

வார நாள்களில் பூட்டிக்கிடக்கும் நம் சபை மண்டபங்கள் பகற்காப்பு மையங்களாகலாம். தாய் மருத்துவமனைக்குச் செல்லும் ஒரு நாளில், மகளின் திருமணம் நடக்கும் ஒரு வாரத்தில், பிள்ளையை நம்பி ஒப்படைக்க ஓரிடம் இருக்குமானால், பல குடும்பங்கள் தளராமல் நிற்கும். இல்லம் தொடங்க முன்வருவோர் நூறு பேருக்கு ஒரு மாளிகை கட்டுவதைவிட, ஊருக்குள் நால்வர் வாழும் ஒரு வீட்டை எண்ணிப்பார்க்கலாம். பெற்றோர் உயிரோடிருக்கும்போதே பாதுகாவலரைத் தீர்மானிக்கவும், பிள்ளையின் விருப்பு வெறுப்புகளை ஓர் ஏட்டில் எழுதிவைக்கவும் போதகர் உதவலாம். குற்றம் அறியவந்தால் மறைக்காமல் முறையிடும் கடமையும் நமக்குண்டு.

முடிவுரை

குற்றாலப் படத்தைப்பற்றி நான் அந்த இல்லத்தின் பொறுப்பாளரிடம் பேசினேன். அவர் சினங்கொள்ளவில்லை, அவரும் அறியாதிருந்தார். தமக்கையாரை அழைத்து, தம்பியின் பழக்கங்களையெல்லாம் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதச் செய்தார். பின்னர் மற்றவர்களுக்கும் அவ்வாறே எழுதும் வழக்கம் அங்கே ஏற்பட்டது. சிலருக்கு எழுதித்தர எவரும் இல்லை. அவர்களைப் பணியாளர் கூர்ந்து கவனித்து எழுதவேண்டியதாயிற்று. அதுவே கடினமான பணியாகவும் நற்பயனுள்ள பணியாகவும் இருந்தது என்று அவர் கூறினார்.

அடுத்த சாரற்காலத்தில் மற்றவர்கள் அருவிக்குச் சென்றபோது, அவர் தமக்கையாரோடும் என்னோடும் சிற்றாற்றின் கரைக்கு வந்தார். படிக்கட்டில் அமர்ந்து, ஓடும் நீரில் கால்களை நனைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். அழைத்தபோது எழவில்லை, நாங்களும் அவசரப்படுத்தவில்லை. அவருக்குச் சித்தம் தெளிவிக்க அருவி தேவைப்படவில்லை. தமக்கு எது நல்லது என்பதை அவர் தொடக்கத்திலிருந்தே தெளிவாகத் தெரிவித்துக்கொண்டிருந்தார். கேட்கும் செவிதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.